தூங்குகிறவளை எழுப்பும் முறை

அந்த வீட்டில் அவளை யாரும் கூப்பிட்டு எழுப்பியதில்லை. விடியற்காலையில் வீட்டு அம்மா சமையலறைக்கு வெளியே உள்ள நடைக்கு வருவார். பால் பாத்திரத்தின் மூடியைக் கையில் எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து தரையில் விடுவார். ணங்கென்று ஒரு சத்தம். பிறகு அந்த மூடி தன்னைத்தானே சுற்றிச் சுற்றி அடங்குகிற நீளமான சத்தம். அது அடங்குவதற்குள் உள்ளே அவள் எழுந்து பாயைச் சுருட்டியிருப்பாள். அம்மா குனிந்து மூடியை எடுத்துக்கொண்டு, எதுவும் நடக்காதது போலத் திரும்பிப் போய்விடுவார். விருந்துக்கு வந்து தங்குகிறவர்கள் கைதவறி விழுந்ததென்று நினைப்பார்கள். தினமும் ஒரே நேரத்தில் கை தவறுமா என்று கேட்கிற அளவுக்கு எந்த விருந்தாளியும் அங்கே அதிக நாள் தங்கியதில்லை.

எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுக்கிற அவளுக்கு அந்த வீட்டார் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. இதைவிடப் பொருந்தாத பெயரை ஆள் வைத்துத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அதற்கும் ஒரு காரணம் இருந்தது. கை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும், கண் எங்கேயோ போயிருக்கும். துணி உதறும்போது பாதி உதறலில் நின்றுவிடுவாள். தூக்கத்தில் அரைகுறையாக விட்டுவந்த கனவை நின்ற நிலையிலேயே கண்டு முடித்துவிட்டு, மறுபடி உதறுவாள்.

கனவுகள் அவளுக்கு நிறைய வரும். அகலமான ஒரு ஆறு வரும், அதில் தண்ணீருக்குப் பதில் வெளிச்சம் ஓடும். கதவே இல்லாத ஒரு வீடு வரும். செத்துப்போன அம்மா தலையில் குடத்தோடு நடந்து வருவாள். எல்லாம் நன்றாகத்தான் போகும். கடைசியில் ஏதாவது ஒன்று விழுந்தே தீரும். நிலா பிய்ந்து முற்றத்தில் விழுந்து தட்டு மாதிரிச் சுழலும். அம்மாவின் தலையிலிருந்து குடம் நழுவும். எல்லோருடைய கனவும் ஏதோ ஒன்று விழுந்துதான் முடியும் என்று அவள் இத்தனை வயது வரை நினைத்திருந்தாள்.

வீட்டுத் தலைவரை ஊரில் சட்டப் பெரியவர் என்பார்கள். மறையையும் அதற்கு முன்னோர் எழுதிய சட்ட உரைகளையும் கரைத்துக் குடித்தவர். கல்யாணம், பாகப்பிரிவினை, நேர்ந்துகொண்ட நேர்ச்சை என்று எதில் சந்தேகம் வந்தாலும் ஊர் அவரிடம்தான் வரும். குரலை உயர்த்தாத மனிதர். ஒரு எறும்பு வரிசையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவார். நல்ல மனிதர்களை வைத்துக் கதை சொல்வதில் இதுதான் சங்கடம், அவர்கள் செய்கிற தப்புக்குச் சத்தம் இருக்காது. இந்த வீட்டில் மட்டும் கொஞ்சம் இருந்தது.

பால்பற்கள் விழுந்து முடியாத வயதில் அவள் அங்கே வந்தாள். தன் அம்மா செத்த பிறகு மாமா ஒருவர் கொண்டுவந்து விட்டார். வீட்டுப் பிள்ளை மாதிரி வளரட்டும் என்று அவர் சொன்னார், வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம் என்று இவர்களும் சொன்னார்கள். இந்த 'மாதிரி' என்ற சொல் இருக்கிறதே, அது ஒரு நல்ல கனமான போர்வை. அதற்கு அடியில் என்ன கிடக்கிறதென்று யாரும் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தவள் சமையலறைத் தரையில் படுத்தாள். வீட்டுப் பிள்ளைக்கு எதற்குச் சம்பளம் என்று ஒருவரும் கொடுக்கவில்லை. அவளுடைய அடையாளக் காகிதம் பெரியவரின் அலமாரியில் வீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாக இருந்தது. அவள் தனியாக வெளியே போவது வழிபாட்டுக் கூடத்துக்கு மட்டும்தான். கூடத்தைப் பெருக்கித் துடைத்து வைப்பது பரம்பரையாக அந்தக் குடும்பத்தின் திருப்பணி. புண்ணியம் குடும்பத்துக்கு, முதுகுவலி இவளுக்கு.

இதெல்லாம் பழகிப்போன விஷயம். அவள் பாட்டுக்குக் கனவு கண்டுகொண்டு காலத்தை ஓட்டியிருப்பாள். ஆனால் வெளியூரில் இருந்த மூத்த மகளுக்குக் குழந்தை பிறந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று தினமும் தொலைபேசியில் பேச்சு. ஒரு நாள் அம்மா முகமெல்லாம் மலர்ச்சியாகச் சமையலறைக்கு வந்து, உன் அக்கா மகளையே கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டேன், அடுத்த மாதம் வந்துவிடுவாள் என்றார். அக்கா புருஷனை இழந்தவள், வாய் ஒன்று குறையட்டும் என்று சரி சொல்லியிருந்தாள்.

அன்று சாயங்காலம் கல்லூரிக்குப் போகிற சின்ன மகள் தன் செல்போனில் அந்தப் பிள்ளையின் படத்தைக் காட்டினாள். அளவு பெரிதான கவுன். கலைந்த தலை. சிரித்த வாயில் முன்பல் ஒன்று இல்லை. தூங்குமூஞ்சி படத்தை வெகுநேரம் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

மறுநாள் பருப்பு களைந்துகொண்டே, ரொம்பச் சின்னப் பொண்ணும்மா, படிக்கட்டுமே என்று கேட்டுப் பார்த்தாள். அவள் அந்த வீட்டில் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"ஏன், நீ என்ன கெட்டா போயிட்ட?" என்றார்.

பருப்பைக் களைந்து முடித்தாள்.

வாரத்தில் ஒரு நாள் பின்மதியத்தில் கூடத்தில் பாடம் நடக்கும். வாசிப்பவர் மறையிலிருந்து ஒரு பகுதியைப் படிப்பார், பெரியவர் விளக்கம் சொல்வார். ஊரில் பாதிப்பேர் வருவார்கள். அந்த மாதம் அடிமைகளைப் பற்றிய பகுதி. அதற்குக் காரணம் சின்ன மகள்தான். கல்லூரியில் யாரோ உங்கள் மறை அடிமைகளை வைத்துக்கொள்ளச் சொல்கிறதாமே என்று கேட்டு மடக்கிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சண்டை போட்டாள். எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன் வா என்று பெரியவர் அதையே பாடமாக வைத்துக்கொண்டார்.

தூங்குமூஞ்சி கூடத்தின் பின்பக்கம் ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கம்பிகளுக்கு நடுவே வெயில் சாய்ந்து உள்ளே வந்தது, தூசி அதில் மெல்ல நீந்தியது. பெரியவரின் குரல் அந்த வெயிலைப் போலவே இதமாக இருந்தது. அவள் பாதி கேட்டாள், பாதி மிதந்தாள்.

அந்தக் காலத்தில் உலகம் முழுக்க அடிமைகள் இருந்தார்கள் என்றார் அவர். மறை ஒரேயடியாக அதை வெட்டவில்லை, சுற்றிலும் வேலி போட்டது. அடிமையை விடுதலை செய்வது எல்லாப் புண்ணியத்திலும் பெரிய புண்ணியம் என்றது. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு போகாதே என்றது.

"பொய் சொல்லாதேன்னு சொல்லுது, திருடாதேன்னு சொல்லுது. இதை மட்டும் ஏன்ப்பா வேண்டாம்னு ஒரே வார்த்தையில சொல்லல?" என்று சின்ன மகள் கேட்டாள்.

பெரியவர் புன்னகை செய்தார். முற்றிய நோய்க்கு மருந்தைச் சிறுகச் சிறுகத்தான் கொடுக்க வேண்டும் என்றார். முன்வரிசையில் எப்போதும் உட்காரும் மருந்துக்கடைக்காரர், சிறுகச் சிறுக என்றால் எத்தனை தலைமுறைக்கு ஐயா என்று கேட்க, சிரிப்பு எழுந்தது. பெரியவரும் சிரித்தார். குரலை உயர்த்தாத மனிதர் என்று முன்பே சொன்னேனே.

பிறகு அவர் சட்ட உரைகளுக்கு வந்தார். அங்கேதான் அவருக்கு உற்சாகம் அதிகம். பிள்ளை என்றால் எந்த வயது வரை பிள்ளை? உரைகாரர்கள் இதற்கென்றே ஒரு தலைமுறை முழுக்க வாதாடியிருக்கிறார்கள். கடைசியில் பால்பல் முதலில் விழுகிற வரை பிள்ளை, அதன் பிறகு பிரித்துக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்தார்களாம். ஜன்னல் கம்பியில் அவள் கை நின்றது. செல்போனில் சிரித்த வாயும் அதிலிருந்த ஓட்டையும் கண்முன்னால் வந்து நின்றன.

அடுத்து வாசிப்பவர் ஒரு வரியைப் படித்தார். 'அடிமை உறங்கும்போது எழுப்பாதே. உறக்கத்தில் அவனுக்கு வேறு எஜமான் இல்லை, அந்த நேரம் இறைவனுடையது.'

எவ்வளவு அழகான வரி என்று பெரியவர் கண்ணை மூடித் திறந்தார். கூட்டமும் தலையாட்டியது. ஆனால் எஜமானர்களுக்கு வேலை நடக்க வேண்டுமே. அதற்கும் உரைகாரர்கள் வழி கண்டார்கள். தொட்டு எழுப்பக்கூடாது, பேர் சொல்லி எழுப்பக்கூடாது. திரையை விலக்கி வெயிலை விடலாம், அது வெயிலின் செயல். முகத்தில் தண்ணீர் தெளிப்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. நம் பக்கத்துச் சட்டக்காரர்கள் ஏற்றுக்கொண்ட வழி என்னவென்றால், பக்கத்து அறையில் ஒரு பாத்திரத்தையோ மூடியையோ கீழே விழச் செய்யலாம். அடிமை தானே விழித்துக்கொண்டால் எஜமான்மேல் குற்றமில்லை.

கூடம் குலுங்கிச் சிரித்தது. மருந்துக்கடைக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். சின்ன மகளுக்குச் சிரிப்பு வரவில்லை, அப்படியென்றால் வீட்டுப் பிள்ளைகளை என்ன செய்வார்கள் என்று கேட்டாள். அவர்களுக்கென்ன, தொட்டு எழுப்பலாம், பேர் சொல்லி எழுப்பலாம், அவர்கள் சுதந்திரமானவர்கள், அவர்கள் தூக்கத்துக்குக் காவல் தேவையில்லை என்றார் பெரியவர். அரசாங்கம் ஒரே ஒரு கையெழுத்தில் அடிமை முறையை ஒழித்தபோது நம் பெரியவர்களும் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டார்கள், இப்போது படிப்பது அறிவுக்காகத்தான் என்று சொல்லி, மகளைப் பார்த்துக் கனிவாக முடித்தார்.

"ஏட்டுல இருக்கும்மா. வீட்டுல இல்ல."

பின்னால் துடைக்கிற துணியைப் பிடித்தபடி தூங்குமூஞ்சி நின்றாள். அவளுக்கு முதலில் வந்தது கோபமில்லை, வெட்கம். உடம்பில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் இத்தனை வருஷமாக ஒரு எழுத்து எழுதியிருந்தது போலவும், அதைத் தான் மட்டும் படிக்காமல் இருந்தது போலவும் வெட்கம். பிறகு மெதுவாக ஒரு நிம்மதி வந்தது, அது அவளுக்கே விநோதமாக இருந்தது. மாதிரி மாதிரி என்றார்களே, எதன் மாதிரி என்று இப்போது தெரிந்துவிட்டது.

அன்று பால் பாத்திரத்தின் மூடியைத் தேய்க்கும்போது அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். ஒரு பக்கம் நன்றாக நசுங்கியிருந்தது. இதற்கு முன்னால் இருந்த மூடியும் அப்படித்தான் நசுங்கித் தூக்கி எறியப்பட்டது.

மறுநாள் மூடி விழுந்தது. எழுந்தாள். கொஞ்சம் கழித்து மாடிப்படி துடைக்கப் போனபோது, சின்ன மகளின் அறைக் கதவு திறந்திருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து மகளின் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். செல்லப் பேரைச் சொல்லி, எழுந்திருடா கண்ணு, நேரமாச்சு என்றார். அவள் போர்வையை இழுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம்மா என்றாள். அம்மா சிரித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். தூங்குமூஞ்சி ஆயிரம் தடவை பார்த்த காட்சிதான். ஆனால் அன்று படியில் அப்படியே உட்கார்ந்து, முழங்காலில் முகம் வைத்து அழுதாள். அழுது முடித்துப் படியைத் துடைத்தாள்.

அந்த வாரம் அவளுக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. ஒரு பெரிய வெட்டவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் ஆட்கள் படுத்துத் தூங்குகிறார்கள். ஆண், பெண், கைக்குழந்தைகள். ஒவ்வொருவர் உடையும் ஒவ்வொரு காலத்து உடை. காற்று ஒவ்வொருவர் மேலும் மெதுவாகப் போய்வருகிறது. இவ்வளவு பேரும் யார் என்று அவள் கேட்க, கிட்டே படுத்திருந்த ஒருத்தி கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்.

"நமக்குன்னு இருந்த இடம் இதுதான். எழுந்தாத்தான் அவங்களோட ஆளு. நீயும் படுத்துக்க."

அவள் படுத்தாள். புல் குளிர்ச்சியாக இருந்தது. எங்கேயோ தூரத்தில் ஒரு சின்னப் பிள்ளை, பெரிய கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தூங்குகிறவர்களைத் தாண்டித் தாண்டித் தனக்கொரு இடம் தேடி வந்துகொண்டிருந்தது. இங்கே வராதே என்று கத்த வாயைத் திறந்தபோது, வானத்திலிருந்து வட்டமாக ஏதோ விழுந்தது.

அடுத்த பாடத்தன்று அவள் வழக்கம்போலக் கூடத்தைப் பெருக்கினாள், துடைத்தாள், குடிதண்ணீர்ப் பானையை நிரப்பி மூடி வைத்தாள். இனி பாய்களை விரிக்க வேண்டும். பாய்க்கட்டு நடுக்கூடத்தில் கிடந்தது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டம் போட்டாள் என்று சொன்னால் பொய். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். தான் எழுந்து நடமாடிக்கொண்டே இருந்தால் அடுத்த மாதம் வந்துவிடும், அந்தப் பிள்ளையும் வந்துவிடும். தலையைப் பாய்க்கட்டில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் காலடிகள் வந்தன. செருப்பைக் கழற்றும் சத்தம். பிறகு முணுமுணுப்பு. உடம்பு சரியில்லையோ என்றது ஒரு குரல். மூச்சு நன்றாகத்தான் வருகிறது என்றது மருந்துக்கடைக்காரர் குரல், நெற்றியருகே ஒரு கை வந்து தொடாமல் திரும்பியது. பாய் இல்லாமல் எங்கே உட்காருவது என்று ஆட்கள் ஓரமாக நின்றார்கள். குரல்கள் தண்ணீருக்கு மேலே பேசுவது போலவும் அவள் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போலவும் இருந்தது. யாரோ, தூங்குமூஞ்சின்னு சரியாத்தான் பேர் வெச்சிருக்காங்க என்றார்கள். மருந்துக்கடைக்காரர் சும்மா இருப்பாரா?

"தூங்குறவங்களை எழுப்பலாம். தூங்குற மாதிரி நடிக்கிறவங்களை எழுப்ப முடியாது" என்றார்.

சிலர் சிரித்தார்கள். பழமொழி சரிதான், அது யாருக்குப் பொருந்தும் என்பது தெரிய இன்னும் சில நிமிஷம் இருந்தது. நடிக்கப் போனவளுக்கோ உண்மையான தூக்கம் காலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. குளிர்ந்த புல் முதுகில் படத் தொடங்கியது.

அம்மாவின் குரல் கேட்டது. ஊர் முன்னால் மானம் போகிறதே என்ற பதற்றக் குரல். ஐயா வரும் நேரம், இவள் இப்படிக் கிடக்கிறாளே என்றார். கிட்டே வந்தார், புடவையின் சரசரப்பு காதருகே நின்றது. இனி ஒரு கை தோளுக்கு வர வேண்டியதுதான். ஆனால் வரவில்லை. சரசரப்பு விலகிப் போனது. பக்கத்து அறையில், தண்ணீர்ப் பானை இருக்கும் அறையில், ஏதோ உராயும் சத்தம்.

பானை மூடி விழுந்தது. ணங்கென்று விழுந்து, சுற்றிச் சுற்றிச் சுற்றி, அந்தப் பெரிய கூடத்தில் அடங்கவே அடங்காது போலச் சுற்றி, அடங்கியது.

போன வாரம் இதே கூடத்தில் இதைக் கேட்டுத்தான் எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமப் பார்த்தார், பாதியில் விட்டுவிட்டார்.

"அம்மா, என்ன பண்றீங்க?" சின்ன மகளின் குரல்.

"என்ன பண்றேன்? எழுப்புறேன்."

"ஏன் இப்படி?"

"எப்பவும் இப்படித்தானேடி எழுப்புவோம். வேலை செய்றவங்களைத் தொட்டோ கூப்பிட்டோ எழுப்பினா பாவம்னு எங்க மாமியார் சொல்லிக் குடுத்தாங்க. அவங்களுக்கு அவங்க மாமியார்."

அம்மாவுக்கு அதன் அர்த்தம் தெரியாது. பாடம் நடக்கும் நேரத்தில் அவர் வீட்டில் பேரனைத் தொலைபேசியில் கொஞ்சிக்கொண்டிருப்பார், அன்றைக்குத்தான் அபூர்வமாக வந்திருந்தார். அர்த்தம் தெரிந்தவர் வாசலில் நின்றார். கைத்தடி தரையில் ஊன்றிய சத்தத்திலிருந்து, பெரியவர் வந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமும் விடியற்காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவரும் கண் விழித்திருக்கிறார். உலகத்தின் மொத்தச் சட்டமும் தலையில் இருக்க, ஒரு நாளும் அது என்ன சத்தம் என்று கேட்கத் தோன்றவில்லை.

"அப்பா," என்றாள் சின்ன மகள். "வீட்டுல இருக்கு."

கைத்தடி நடந்து வந்தது. மூன்றாவது கால் போல, ஒவ்வொரு ஊன்றலாக. அவள் கண்ணைத் திறக்கவில்லை. வெகுநேரம் அவர் அருகில் நின்றார். சட்டம் படித்த மனசு, எல்லா வழியும் அதற்குத் தெரிந்திருக்கும். இன்னொரு முறை மூடியைப் போட்டால் இவள் அடிமை. மறை சொன்னபடி எழுப்பாமல் விட்டால் அப்போதும் அடிமைதான். ஒரே ஒரு வழிதான் பாக்கி. முழங்கால் மடங்கும் சத்தம், ஒரு பெருமூச்சு. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கூப்பிட வாயைத் திறந்தவர் நிறுத்திக்கொண்டார்.

"இவ பேரு என்ன?" என்று தாழ்ந்த குரலில் மனைவியைக் கேட்டார்.

அம்மாவுக்கும் தெரியவில்லை. வந்த புதிதில் பொண்ணு என்று கூப்பிட்டார்கள், பிறகு தூங்குமூஞ்சி. சின்ன மகளுக்கு மழலையிலிருந்தே அவள் வெறும் 'தூங்கு'. பெயர் எழுதிய காகிதம் அலமாரியில் பூட்டியிருந்தது. கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் கண்ணைத் திறந்தாள். பெரியவரின் முகம் இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததே இல்லை. தாடி நடுங்கிக்கொண்டிருந்தது, கண் நனைந்திருந்தது. அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அப்படி வந்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

"உன் பேரு என்னம்மா?" என்றார்.

சொன்னாள். சொல்லி ரொம்ப நாளாகிவிட்டதால், யாரோ ஒருத்தியின் பெயர் போல அது அவள் காதிலேயே விழுந்தது. அவர் அதை உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"மறுபடியும் கண்ணை மூடிக்கம்மா" என்றார்.

அவள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். வெட்டவெளியில் காற்று ஒரு முறை எல்லோர்மேலும் போனது. அப்போது தோளில் ஒரு கை வந்து படிந்தது. கிழட்டுக் கை, கனமே இல்லை. எல்லோருக்கும் கேட்கிற குரலில், பாடம் சொல்கிற அதே குரலில், அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எழுந்திரும்மா என்றார். தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அங்கே திரும்பிப் படுத்ததுபோல அவளுக்குத் தோன்றியது. எதுவும் விழவில்லை.

அவள் எழுந்தாள். அம்மா ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இனிமேல் நீ எங்கள் பெண் என்றார். இந்தத் தடவை மாதிரி என்ற சொல்லைச் சேர்க்கவில்லை. அது மனசார வந்த அழுகைதான், நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

"பொண்ணுன்னா வீட்டை விட்டுப் போகலாம்தானேம்மா?" என்றாள் அவள். "நான் போறேன். என் அக்கா மக வரமாட்டா."

அம்மாவின் கை தளர்ந்தது. இவ்வளவு நடந்த பிறகும் போகிறேன் என்கிறாளே என்று அவர் புருஷனைப் பார்த்தார். அவரிடம் ஏதாவது ஒரு உரை, ஏதாவது ஒரு வழி இருக்கும் என்பதுபோலப் பார்த்தார். பெரியவர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்துச் சின்ன மகளிடம் நீட்டினார். வாசிப்பவர் கையிலிருந்த மறையை எந்தப் பக்கம் திறப்பதென்று தெரியாமல் மூடியபடியே நின்றார். அன்றைக்குப் பாய்கள் விரிக்கப்படவில்லை. வந்தவர்களே ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பாய்க்கட்டை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

அக்கா வீடு ஒரே அறை. ஓட்டுக்கு நடுவே கண்ணாடி பதித்த ஒரு ஓட்டை, அதன் வழியாகக் காலை வெளிச்சம் ஒரு சதுரமாகச் சுவரில் விழும். வேலைக்கு என்ன வழி, சாப்பாட்டுக்கு என்ன வழி என்று அக்காவும் அவளும் இரவு நெடுநேரம் கவலைப்பட்டுவிட்டுப் படுத்தார்கள். கவலையைப் பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் அது சொந்தக் கவலை.

விடிகிற நேரம் அவளுக்குத் தானாகவே விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்காமல் காத்திருந்தாள். உடம்பு முழுக்கக் காதாகக் காத்திருந்தாள். இதோ விழும், இப்போது விழும் என்று கைகால் இறுகியது. எங்கேயோ ஒரு சைக்கிள் போனது. அடுத்த வீட்டில் யாரோ இருமினார்கள். விழவில்லை. காத்திருந்து காத்திருந்து அப்படியே மறுபடி தூங்கிவிட்டாள். கனவில் வெளிச்சம் ஓடுகிற ஆறு வந்தது. அம்மா தலையில் குடத்தோடு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தே போய்ச் சேர்ந்தாள்.

தோளைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள். கொஞ்சமும் இரக்கமில்லாத உலுக்கல். மூக்கைப் பிடித்துத் திருகவும் செய்தார்கள்.

"சித்தி! எழுந்திரு சித்தி! வெயில் வந்திருச்சு!"

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். பெரிய கவுன், கலைந்த தலை, சிரிக்கிற வாய். பல் விழுந்த இடத்தில் புதுப்பல் அரிசிமுனை போல எட்டிப் பார்த்தது. அவள் அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்டி" என்றாள்.